லினக்ஸில் இடைவெளி இல்லாமல் ஆல்பம் கேட்க எந்த பிளேயர்?

கச்சேரி சிடி ஒன்றைக் கணினியில் ஏற்றும்போது ஆலாபனை ஒரு டிராக்காகவும் கீர்த்தனை அடுத்த டிராக்காகவும் பிரிந்து நிற்கும். மேடையில் தம்புரா எங்கேயும் நிற்கவில்லை. ஆனால் பிளேயரில் டிராக் மாறும் நொடியில் ஒரு 'டிக்' கேட்கிறது, அல்லது அரை நொடி ஒலியே இல்லை. நேரடி நிகழ்ச்சிப் பதிவு, ஆபரா, டிஜே மிக்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு பாட்டும் தேய்ந்து அடங்கிய பிறகுதான் முடிகிறது. தொடர்ச்சியான பதிவுகளைக் கேட்பவருக்கோ இது ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

தேர்வை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டில் நிலையான இசைத் தொகுப்பு வைத்திருந்து ஆல்பம் ஆல்பமாகக் கேட்பவருக்கு எம்பிடி. ஏதோ ஒரு ஃபோல்டரைத் திறந்து ஓடவிட்டால் போதும் என்பவருக்கு எம்பிவி, அதுவும் இரண்டு மூன்று அமைப்புகளை மாற்றிய பிறகு. மவுஸும் ஜன்னலும் வேண்டுமென்றால் டெட்பீஃப் அல்லது ஸ்ட்ராபெரி. இந்த இரண்டில் எது என்பது உங்கள் கோப்புகளின் ஃபார்மேட்டைப் பொறுத்தது. விஎல்சியின் 3ஆம் வரிசையில் கேப்லெஸ் வசதியே, அதாவது டிராக்குகளை இடைவெளி இல்லாமல் ஒட்டி ஓட்டும் வசதியே, கிடையாது. அதில் எந்த அமைப்பைத் தேடினாலும் பலனில்லை, இந்த வேலைக்கு அதை விட்டுவிடுங்கள்.

பிளேயரை மாற்றுவதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். இடைவெளி மூன்று இடங்களில் பிறக்கலாம்: கோப்புக்குள், பிளேயருக்குள், ஒலி வெளியேறும் பாதையில். கோப்பில் கோளாறு இருக்கும்போது பிளேயரை மாற்றிக்கொண்டே இருந்தால் நேரம்தான் வீணாகும்.

கோப்புக்குள் என்ன நடக்கிறது

எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலி அலையின் ஒவ்வொரு அளவீடும் ஒரு சாம்பிள்) கொண்ட ஃபிரேம்களாக வெட்டித்தான் வைக்கும். நொடிக்கு 44,100 சாம்பிள், அதாவது 44,100 ஹெர்ட்ஸ் என்ற சாம்பிள் ரேட்டில், ஒரு ஃபிரேம் சுமார் 26 மில்லி விநாடி. பாட்டின் நீளம் 1152-இன் சரியான மடங்காக அமைவது அபூர்வம், அதனால் கடைசி ஃபிரேமை வெற்று ஒலியால் நிரப்ப வேண்டியிருக்கிறது. தொடக்கத்திலும் இதே நிலைதான்: எம்பி3-யாகச் சுருக்கும் லேம் என்கோடர் 576 சாம்பிள் தாமதத்தைச் சேர்க்கிறது, அதை மறுபடி ஒலியாக விரிக்கும் டீகோடர் தன் பங்குக்கு 529 சேர்க்கிறது. மொத்தம் 1105 சாம்பிள், அதாவது சுமார் 25 மில்லி விநாடி. இவற்றை வெட்டி எறியாமல் ஓடவிட்டால் தம்புரா அறுபடும்.

எவ்வளவு வெட்ட வேண்டும் என்ற கணக்கை லேம் கோப்பின் முதல் ஃபிரேமில் ஒரு தலைப்பாக எழுதிவைக்கிறது. அந்தத் தலைப்பு இருக்க வேண்டும், பிளேயர் அதைப் படிக்க வேண்டும். இரண்டும் நடந்தால் எம்பி3-யும் இடைவெளி இல்லாமல் ஓடும். தலைப்பு இருக்கிறதா என்று பார்க்க, கோப்பின் விவரங்களைக் காட்டும் எஃப்எஃப்புரோப் என்ற கருவி போதும். கோப்பைக் கொடுத்ததும் வரும் விவரங்களில் 'ஸ்டார்ட்' என்பதற்கு எதிரே 0.025057 என்று இருந்தால் கணக்கு பத்திரமாக இருக்கிறது. 1105-ஐ 44,100-ஆல் வகுத்தால் வருவது அதுதான். சுழியம் என்று இருந்தால் தலைப்பு தொலைந்துவிட்டது என்றே பெரும்பாலும் பொருள்.

தொலைவதற்கு முக்கியமான காரணம் பைப். லேமின் வெளியீட்டைக் கோப்பாக எழுதாமல் வேறொரு நிரலுக்குப் பைப் வழியாக அனுப்பினால், முழு நீளமும் தெரிந்த பிறகு தொடக்கத்துக்குத் திரும்பி வந்து தலைப்பை நிரப்ப அதற்கு வழியில்லை. எம்பி3-யை நேரடியாக வெட்டும் கருவிகளாலும் கணக்கு கெடும். வெட்டிய துண்டில் தலைப்பே இருக்காது, அல்லது பழைய கோப்பின் எண்கள் அப்படியே நிற்கும்.

ஏஏசி-யில் ஃபிரேம் 1024 சாம்பிள். ஆப்பிளின் என்கோடர் முன்னால் 2112 சாம்பிள் சேர்க்கிறது, கிட்டத்தட்ட 48 மில்லி விநாடி. எம்4ஏ கோப்பில் இந்தக் கணக்கை எழுத இடம் உண்டு. வெறும் ஏஏசி என்ற நீட்சியோடு வரும் கோப்பில் அந்த இடமே இல்லாததால் எந்த பிளேயராலும் அதைச் சரியாக ஒட்ட முடியாது. ஓக் வோர்பிஸிலும் ஓபஸிலும் நீளக் கணக்கு ஃபார்மேட்டின் இலக்கணத்திலேயே இருக்கிறது, அதனால் அவை தொல்லை தருவது குறைவு. ஓபஸ் எப்போதும் 48,000 ஹெர்ட்ஸில்தான் விரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், அது பின்னால் தேவைப்படும்.

தரம் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் ஃபார்மேட்டில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. உள்ளே போன சாம்பிள்கள் எத்தனையோ அத்தனையும் வெளியே வரும், கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. தொடர் பதிவுகளை இன்றைக்குப் புதிதாகச் சிடியிலிருந்து எடுப்பவர் வேறு ஃபார்மேட்டை யோசிக்கவே வேண்டாம். எடுக்கும்போது மௌனத்தை நீக்கும் வசதி எதுவும் இயங்கக் கூடாது. டிராக்குகளுக்கு நடுவே சிடியில் உள்ள பகுதி முந்தைய டிராக்கின் வாலில் சேர வேண்டும். சிடிபாரனோயா போன்றவை இயல்பாகவே அப்படித்தான் செய்கின்றன.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க

இசையை வைத்துச் சோதிப்பதைவிட ஒரே சுருதியில் நிற்கும் ஒலியை வைத்துச் சோதிப்பது நல்லது. மிருதங்கத்துக்கு நடுவே 10 மில்லி விநாடி அறுபட்டால் காது ஏமாறும். 440 ஹெர்ட்ஸ் சைன் அலையில் ஒரு மில்லி விநாடி அறுபட்டாலும் பளிச்சென்று கேட்கும்.

சாக்ஸ் நிரலில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், இரண்டு சானல், 20 நொடி என்று ஒரு சைன் அலையை உருவாக்குங்கள். ஒலி அளவை 20 டெசிபெல் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காதும் ஸ்பீக்கரும் நோகும். பிறகு டிரிம் வசதியால் 441,123ஆவது சாம்பிளில் இரண்டாக வெட்டுங்கள். சரியாகப் பத்து நொடியில் வெட்டாமல் ஒற்றைப்படையான எண்ணைக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு: பத்து நொடி என்பது சிடியின் 588 சாம்பிள் கட்டத்திலும் அலையின் சுழியப் புள்ளியிலும் ஒத்துப்போய் விழுகிறது. நமக்கு வேண்டியது சங்கடமான இடத்தில் விழும் வெட்டு. இந்த இரண்டு துண்டுகளையும் ஃப்ளாக்காக ஒரு ஜோடி, லேம் வழியாக எம்பி3-யாக ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஃப்ளாக் ஜோடி. அதிலேயே 'டிக்' கேட்டால் கோப்பின் மீது பழியில்லை; பிளேயரோ வெளியேறும் பாதையோதான் காரணம். ஃப்ளாக் சுத்தமாக ஓடி எம்பி3 மட்டும் தடுக்கினால் பிளேயர் லேம் தலைப்பைப் படிக்கவில்லை. இரண்டு ஜோடியும் சுத்தமாக ஓடி, உங்கள் சொந்த ஆல்பம் மட்டும் அறுபட்டால் கோளாறு அந்த ஆல்பத்தின் கோப்புகளில். எம்பி3 ஜோடியில் மிக மெல்லிய ஒரு தட்டல் மட்டும் கேட்டால் பதற வேண்டாம். நீளம் சரியாக இருந்தாலும், ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சுருக்கும் என்கோடருக்கு அண்டைத் துண்டு தெரியாது, அதன் எச்சம் அது. லேமுக்கு நோகேப் என்றொரு விருப்பம் உண்டு. எல்லா டிராக்கையும் ஒரே கட்டளையில் கொடுத்தால் தொடர்ச்சியாகச் சுருக்கி இந்தத் தட்டலையும் போக்கிவிடும்.

காதை நம்ப முடியவில்லை என்றால், லினக்ஸில் ஒலியை அட்டைக்குக் கொண்டுசேர்க்கும் பைப்வயரின் பதிவுக் கருவியால் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியையே பதிவுசெய்து, ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தியில் திறந்து, இணையும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நேர்கோடு தெரிந்தால் வெற்று ஒலி நுழைந்திருக்கிறது. அலை சட்டென்று குதித்தால் சாம்பிள்கள் தின்னப்பட்டிருக்கின்றன. முதலாவது வெட்டாமல் விட்டதால் வருவது, இரண்டாவது அதிகமாக வெட்டியதால் வருவது.

எம்பிடி

பின்னணியில் சேவையாக ஓடும் பிளேயர் இது. கட்டுப்படுத்துவதற்கு எம்பிசி, என்சிஎம்பிசிபிபி போன்ற தனி நிரல்கள் அல்லது போனில் ஒரு செயலி வேண்டும். நிறுவியவுடன் இசை இருக்கும் ஃபோல்டரைக் காட்ட வேண்டும், வெளியீட்டைக் குறிப்பிட வேண்டும், தரவுத்தளத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு மாலை நேரம் இதற்குப் போய்விடும். அந்த உழைப்புக்குக் கிடைப்பது கேப்லெஸில் பிடிவாதமான ஒழுங்கு. டீகோட் செய்வது ஒரு திரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை), ஒலி அனுப்புவது வேறொரு திரெட், நடுவே ஒரு பெரிய பஃபர், அதாவது தற்காலிகச் சேமிப்பிடம். இயல்பான அளவு 4 எம்பி. இப்போதைய டிராக் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த டிராக்கின் தொடக்கம் டீகோட் ஆகி அந்தப் பஃபரில் வந்து உட்கார்ந்துவிடும். இரண்டின் ஃபார்மேட்டும் ஒன்றாக இருந்தால் வெளியீட்டை மூடித் திறப்பதே இல்லை.

தவறுவது எங்கே? முதலாவது, ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேட். எப்போதோ யாரோ 3 நொடி என்று வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். எம்பிசி-யில் கிராஸ்ஃபேடை 0 ஆக்குங்கள். 'சிங்கிள்' முறை அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது இயங்கினால் ஒவ்வொரு டிராக்குக்குப் பிறகும் நின்றுவிடும். இரண்டாவது, சாம்பிள் ரேட். 44,100-இல் உள்ள ஃப்ளாக்குக்குப் பின்னால் 48,000-இல் விரியும் ஓபஸ் வந்தால் வெளியீடு மறுபடி திறக்கப்படும், அங்கே ஒரு வெட்டு விழும். ஒரே ஆல்பத்துக்குள் இப்படிக் கலப்பது அபூர்வம். கலந்துதான் இருக்கிறது என்றால் வெளியீட்டுப் பகுதியில் ஃபார்மேட் என்ற வரியில் 44100:16:2 என்று நிலையாகக் கொடுத்து, ரேட்டை மாற்றும் ரீசாம்ப்ளராக சாக்ஸ்ஆர்-ஐத் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாவது, நெட்வொர்க். இசை வேறொரு கணினியின் ஹார்டு டிஸ்க்கில் இருந்து, அந்த டிஸ்க் தூங்கிப்போயிருந்தால் எழுந்து சுழல்வதற்குச் சில நொடிகள் ஆகும், உயர் சாம்பிள் ரேட் கோப்பு என்றால் 4 எம்பி பஃபர் அதற்குள் காலியாகலாம். 0.22 பதிப்பிலிருந்து இருக்கும் இன்புட் கேஷ் வசதிக்கு 1 ஜிபி ஒதுக்கிவிடுங்கள், கோப்புகள் முன்கூட்டியே நினைவகத்துக்கு வந்துவிடும்.

எம்பிவி

வீடியோ பிளேயர் என்றே பலரும் நினைக்கும் இது, ஒலிக்கும் கெட்டிக்காரத்தனமானது. அதன் கேப்லெஸ்-ஆடியோ அமைப்புக்கு நோ, யெஸ், வீக் என்று மூன்று மதிப்புகள். இயல்பாக இருப்பது வீக்: அடுத்த கோப்பின் ஃபார்மேட் ஒன்றாக இருந்தால் ஒலிச் சாதனத்தைத் திறந்தே வைத்திருக்கும், மாறினால் மூடித் திறக்கும். யெஸ் என்று வைத்தால் முதல் கோப்பின் ஃபார்மேட்டுக்கே எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும். சாம்பிள் ரேட் கலந்த ஃபோல்டருக்கு யெஸ் நல்லது. ஆனால் முதல் கோப்பு தரம் குறைந்ததாக இருந்தால் பின்னால் வரும் நல்ல கோப்புகளும் அதன் அளவுக்கு இறங்கும், ஆகவே எப்போதைக்குமான அமைப்பாக வீக் போதும்.

எம்பிவி அடுத்த கோப்பை முன்கூட்டியே டீகோட் செய்து வைப்பதில்லை. ஒலிச் சாதனத்தின் பஃபரில் மிச்சம் இருக்கும் ஒலியை நம்பித்தான் தாண்டுகிறது, அதன் இயல்பான அளவு 0.2 நொடி. எஸ்எஸ்டி-யில் இருக்கும் கோப்புக்கு அது தாராளம். மெதுவான டிஸ்க்கிலோ நெட்வொர்க்கிலோ இருந்தால் போதாது. அதனால் கான்ஃபிக் கோப்பில் மூன்று வரிகள் சேர்க்க வேண்டும்: பிரிஃபெட்ச்-பிளேலிஸ்ட் யெஸ், ஆடியோ-பஃபர் 1, ஆடியோ-டிஸ்ப்ளே நோ. மூன்றாவது எதற்கு என்று கேட்கலாம். எம்பிவி கோப்பில் பொதிந்த அட்டைப் படத்தை வீடியோவாகப் பாவித்து, ஒவ்வொரு டிராக்குக்கும் ஜன்னலை மறுபடி அமைக்கப் பார்க்கும். தாண்டும் நேரத்தில் அந்த வேலையும் சேர வேண்டாம். பஃபரை ஒரு நொடிக்கு மேல் ஏற்றுவதும் நல்லதல்ல, ஒலி அளவை மாற்றினாலோ நிறுத்தினாலோ தாமதமாகத் தெரியலாம்.

நூலகம், தேடல், கலைஞர் வாரியான பட்டியல் எதுவும் இதில் இல்லை. ஃபோல்டர்தான் ஆல்பம். அது போதும் என்பவருக்கு இதைவிட இலகுவான பிளேயர் கிடையாது.

ஜன்னலோடு வேண்டும் என்றால்

ஸ்ட்ராபெரி கிளெமென்டைனிலிருந்து கிளைத்தது. நூலகமாகப் பார்த்தால் இந்தப் பட்டியலில் மிக வசதியானது. ஒலிக்கு ஜிஸ்ட்ரீமர் என்ற பொது நிரல் நூலகத்தை நம்பியிருக்கிறது. டிராக் முடியப்போகிறது என்று ஜிஸ்ட்ரீமர் முன்னறிவிப்புக் கொடுக்கும், பிளேயர் அடுத்த கோப்பை அப்போதே கையில் கொடுத்துவிடும், ஓட்டம் அறுபடாது. ஃப்ளாக்குக்கும் வோர்பிஸுக்கும் இது நன்றாக வேலை செய்கிறது. எம்பி3-யில்தான் வில்லங்கம்: ஜிஸ்ட்ரீமரின் பழைய பதிப்புகள் லேம் தலைப்பின் கணக்கைப் பார்த்து வெட்டுவதில்லை, அந்த வசதி பின்னால் சேர்க்கப்பட்டது. நீண்ட ஆதரவு தரும் டிஸ்ட்ரோவில் பழைய ஜிஸ்ட்ரீமர் இருந்தால் ஸ்ட்ராபெரியைப் புதுப்பித்தாலும் எம்பி3 தடுக்கும், ஏனென்றால் மாற வேண்டியது கீழே இருக்கும் அந்த நிரல் நூலகம். மேலே சொன்ன எம்பி3 ஜோடியை ஓட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். குவாட் லிபெட்டும் ஜிஸ்ட்ரீமர் குடும்பம்தான், ஆகவே அதற்கும் இதே தீர்ப்பு.

ஸ்ட்ராபெரியின் அமைப்புகளில் பேக்எண்ட் பக்கத்தில் ஃபேடிங் என்ற பகுதி இருக்கும். டிராக் தானாக மாறும்போது கிராஸ்ஃபேட் செய்யும் குறியை எடுத்துவிடுங்கள். வேறு பாட்டுகளுக்கு கிராஸ்ஃபேட் வேண்டும் என்றால், ஒரே ஆல்பத்தின் டிராக்குகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கும் குறி பக்கத்திலேயே இருக்கிறது.

டெட்பீஃப் தோற்றத்தில் எளியது, நூலக வசதியில் பின்தங்கியது, ஒலியில் கறாரானது. எம்பி3-க்குத் தன் சொந்த டீகோடர் பிளகினை வைத்திருப்பதால் ஜிஸ்ட்ரீமரின் பதிப்பு இங்கே பொருட்டில்லை. பழைய எம்பி3 தொகுப்பு பெரிதாக வைத்திருக்கிறீர்கள், டிஸ்ட்ரோவும் பழையது என்றால் ஸ்ட்ராபெரியைவிட இதுவே பாதுகாப்பு. டிராக் எல்லைகளைக் குறிக்கும் கியூ கோப்போடு வரும் ஒற்றை ஃப்ளாக்கையும் ஒழுங்காகப் பிரித்துக் காட்டும். முழு ஆல்பமும் ஒரே கோப்பாக இருப்பதால் தாண்டுவதற்கே எல்லை இல்லை என்பது அந்த முறையின் லாபம். போனுக்கு நகலெடுக்கும்போது தொல்லை தருவது அதன் நஷ்டம்.

டெர்மினலிலேயே இருந்துவிடுபவருக்கு சிமஸ் இருக்கிறது. தனிச் சேவை, தனிக் கிளையன்ட் என்ற ஏற்பாடு இல்லாமல் கேப்லெஸ் கொடுக்கும், பஃபரும் இயல்பாகவே 10 நொடி. எம்பிடியை அமைக்கப் பொறுமை இல்லையென்றால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

வெளியேறும் பாதை

பிளேயர் சரியாக இருந்தும் டிராக் தொடக்கத்தில் 'டப்' என்று கேட்டால் பைப்வயர், ஒலி அட்டை இரண்டையும் பார்க்க வேண்டும். பைப்வயரின் இயல்பான ரேட் 48,000. எல்லா ஒலியையும் அந்த அளவுக்கு மாற்றியே அட்டைக்கு அனுப்பும். மாற்றாமல் அனுப்பட்டும் என்று அனுமதிக்கப்பட்ட ரேட்களில் 44,100-ஐச் சேர்ப்பவர்கள் உண்டு. அது நல்ல அமைப்புதான். ஆனால் ரேட் மாறும் ஒவ்வொரு முறையும் டாக் (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் சாதனம்) தன்னை மறுபடி பூட்டிக்கொள்ளும், சில டாக்குகள் அந்த நேரத்தில் வாயடைத்துவிடும். ஒரே ரேட்டில் உள்ள ஆல்பத்துக்குள் இது வராது. கலந்த பிளேலிஸ்ட்டில்தான் வரும், அப்படிக் கேட்பவர் 48,000-லேயே விட்டுவிடலாம்.

ஐந்து நொடி ஒலி இல்லாவிட்டால் பைப்வயரை நிர்வகிக்கும் வயர்பிளம்பர் ஒலிச் சாதனத்தை உறங்க வைக்கும். நிறுத்தி மறுபடி தொடங்கும்போது முதல் கணம் விழுங்கப்படுவது இதனால்தான். சஸ்பெண்ட் டைம்அவுட்டை 0 ஆக்கினால் உறங்காது. மடிக்கணினியின் உள் அட்டையில் இதையும் மீறித் 'டப்' வந்தால் கெர்னலின் எஸ்என்டி_ஹெச்டிஏ_இன்டெல் மாட்யூலுக்குப் பவர்_சேவ் 0 என்று கொடுங்கள். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

ஒலி அறுபடாமலே இடைவெளி போலக் கேட்பது ஒன்று உண்டு. ஒலி அளவைச் சமன்செய்யும் ரீப்ளேகெய்ன் வசதி டிராக் முறையில் இருந்தால் ஒவ்வொரு டிராக்குக்கும் தனி ஒலி அளவு அமையும். மெல்லிய ஆலாபனையை உயர்த்தி, ஓங்கி ஒலிக்கும் கீர்த்தனையைத் தாழ்த்திவிடுவதால் எல்லையில் தம்புரா திடீரென்று படி இறங்கும். இதை கேப்லெஸ் கோளாறு என்று நினைத்துப் பிளேயர் பிளேயராக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பலர். ஆர்எஸ்கெய்ன் நிரலை ஈஸி முறையில் ஓட்டினால் ஒவ்வொரு ஃபோல்டரையும் ஒரு ஆல்பமாகக் கொண்டு கணக்கிடும். பிறகு எம்பிடி, எம்பிவி, ஸ்ட்ராபெரி எதுவானாலும் ரீப்ளேகெய்னை ஆல்பம் முறைக்கு மாற்றுங்கள்.

தலைப்பு தொலைந்த எம்பி3-கள் மட்டும் கையில் இருந்து, சிடி இல்லாமல் போயிருந்தால் கை வேலைதான் வழி. இரண்டு டிராக்கையும் ஆடாசிட்டியில் திறந்து ஒரே வரிசையில் அடுத்தடுத்து வையுங்கள். இணையும் இடத்தைச் சாம்பிள் அளவுக்குப் பெரிதாக்கி, இரண்டாம் துண்டின் முன்னால் உள்ள ஏறத்தாழ 1105 சாம்பிளையும் முதல் துண்டின் வாலில் உள்ள நேர்கோட்டையும் வெட்டுங்கள். அலை ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று கண்ணால் பார்த்துச் சரிசெய்த பிறகு, எல்லையில் ஒரு லேபிளை வைத்து, லேபிள் வாரியாகப் பல கோப்புகளாக ஏற்றுமதி செய்யுங்கள். ஏற்றுமதி ஃபார்மேட் ஃப்ளாக்காக இருக்கட்டும். மறுபடி எம்பி3-யாகச் சேமித்தால் தரம் இன்னொரு படி இறங்கும்.